ஓய்வு நேரமும் உத்தியோகமும்

வயது வந்தோர் கஞ்சா உபயோகிப்பது குற்றமன்று என்னும் சட்டம் கனடா தேசத்தில் 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் தேதி அமலுக்கு வந்தபோது, அத்தேசத்துப் போலீஸ் இலாகாக்கள் தத்தம் சிப்பந்திகளுக்கு விதித்த நிபந்தனைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முரண்பட்டிருந்தன என்பதை நினைத்துப் பார்ப்பது பயன் தரும். கஞ்சா உட்கொண்ட போலீஸ்காரர் 28 நாட்கள் கழியும்வரை களப்பணிக்கு வரலாகாது என்று டொராண்டோ நகரப் போலீஸும் ஆர்.சி.எம்.பி. என்னும் மத்தியப் போலீஸும் விதித்தன. கால்கரி நகரமோ தன் போலீஸாரில் பெரும்பாலோர் விடுமுறை நாளிலும் அதைத் தொடலாகாது என்றது. வான்கூவர் நகரம், பணிக்கு வருகிறவர் பணிக்குத் தக்க நிலையில் இருத்தல் வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டது. தேசம் ஒன்று, சட்டம் ஒன்று, வஸ்து ஒன்று, செய்யும் வேலையும் ஒன்று; ஆயினும் ஓர் ஊரில் ஓர் இரவு போதுமென்று கருதப்பட்டது மற்றோர் ஊரில் ஒரு மாதம் ஆயிற்று. நிதானிக்கப்பட்ட விஞ்ஞானத்தின் மீது எழுந்த விதிகளாக இருந்தால் இத்தனை வித்தியாசம் நேர்ந்திருக்காது. அதிகாரிகளின் மனோபாவமே இங்கே விதியாக உருவெடுத்திருக்கிறது என்பதே நமது அபிப்பிராயம்.

கஞ்சா நல்லது என்று சொல்ல நாம் வரவில்லை. வளரும் பிராயத்தினரின் மூளைக்கு அது கேடு செய்யக்கூடும் என்பதையும், நாள்தோறும் அதில் மூழ்குகிறவர்களிற் சிலருக்குச் சித்தப்பிரமையை உண்டாக்கக்கூடும் என்பதையும் வைத்தியர்கள் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறார்கள். அந்த எச்சரிக்கையை நாம் முழு மனத்துடன் ஏற்கிறோம். ஆனால் ஒரு தேசத்தின் பிரஜைகள், விவாதித்து, வாக்களித்து, தங்கள் சட்டசபையின் வாயிலாக ஒரு வஸ்துவைச் சாராயத்தைப் போலவே வயது வந்தவரின் சொந்தப் பொறுப்பில் விட்டுவிட்ட பிறகு, அந்த உரிமையை முதலாளி என்ற ஸ்தானத்தில் இருப்பவர் பின்வாசல் வழியாகப் பறித்துக்கொள்வது நியாயமா என்பதே கேள்வி. நியாயமன்று என்று தயக்கமின்றிச் சொல்கிறோம்.

இவ்விவகாரத்தின் வேர் சிறுநீர்ப் பரிசோதனையில் இருக்கிறது. குடித்த சாராயம் சில மணி நேரத்தில் மூச்சிலிருந்தும் ரத்தத்திலிருந்தும் நீங்கிவிடுகிறது. ஆகவே மூச்சைச் சோதிக்கும் கருவி, அந்த மனிதன் அந்த நேரத்தில் எந்நிலையில் இருக்கிறான் என்பதை ஏறக்குறையச் சரியாகவே காட்டுகிறது. கஞ்சாவின் சங்கதி வேறு. அதிலுள்ள டி.எச்.சி. என்னும் சத்து உடலின் கொழுப்பில் போய்த் தங்கி, மெல்ல மெல்லச் சிதைந்து, போதையூட்டும் சக்தியற்ற எச்சப்பொருளாக மாறிச் சிறுநீரில் வெளிப்படுகிறது. வாடிக்கையாக உபயோகிப்பவரின் உடலில் இந்த எச்சம் வாரக்கணக்கில் நிற்கும். ஆகையால், சனிக்கிழமை இரவு தன் வீட்டுத் திண்ணையில் புகைத்தவர் அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமையன்று தெளிந்த புத்தியுடன் வேலை செய்துகொண்டிருக்கும்போதும் அந்தப் பரிசோதனை அவரைக் குற்றவாளி என்று காட்டக்கூடும். ஆறிப்போன சாம்பலைக் காட்டி அடுப்பு இன்னும் எரிகிறது என்று சாதிப்பதற்கும் இதற்கும் பேதமில்லை.

இதனால் நேர்ந்த அநீதிக்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து வழக்கு ஒன்றே போதிய சாட்சியாகும். இளம் பிராயத்தில் கார் விபத்தில் சிக்கிக் கைகால்கள் முடங்கிப்போன ஒருவர், டிஷ் நெட்வொர்க் என்னும் கம்பெனியில் தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலையில் இருந்தார். தசைகளின் இழுப்பு தாளாமல், மாநிலம் வழங்கிய வைத்திய அனுமதியுடன், வேலை முடிந்தபின் வீட்டிலே கஞ்சா உபயோகித்து வந்தார். வேலை நேரத்தில் அவர் போதையில் இருந்தார் என்று கம்பெனியும் குற்றஞ்சாட்டவில்லை. ஆயினும் பரிசோதனையில் எச்சம் தென்பட்டது என்பதற்காக 2010-இல் அவர் நீக்கப்பட்டார். பணி நேரத்துக்கு வெளியே சட்டபூர்வமான காரியத்தைச் செய்தமைக்காக ஒருவரை நீக்கலாகாது என்று அம்மாநிலத்தில் ஒரு சட்டமும் இருந்தது. எனினும் மத்திய சர்க்காரின் சட்டத்தில் கஞ்சா விலக்கப்பட்டிருப்பதால் அவர் செய்தது சட்டபூர்வமான காரியம் ஆகாது என்று 2015-இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சட்டத்தின் வாசகத்தைப் பார்த்தால் அத்தீர்ப்பில் பிழை காண்பது கடினம்; அந்த மனிதரின் நிலையை எண்ணும்போதோ நெஞ்சு பொறுக்கவில்லை.

எதிர்த்தரப்பார் சொல்லும் காரணத்தை அலட்சியம் செய்ய முடியாது. 1987-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி மேரிலாந்து மாநிலத்துச் சேஸ் என்னும் இடத்தில், கான்ரெயில் கம்பெனியின் இஞ்சின்கள் நிறுத்தற் குறியைத் தாண்டி வந்து, அதிவேகமாய் வந்துகொண்டிருந்த ஆம்ட்ராக் பிரயாணிகள் ரயிலின் வழியில் நின்றன. 16 பேர் மாண்டனர். அந்த இஞ்சின்களை ஓட்டியவர்கள் கஞ்சா புகைத்திருந்தார்கள். ரயில், லாரி, விமானம் ஆகியவற்றை இயக்குவோருக்குக் கட்டாயப் பரிசோதனை விதித்த 1991-ஆம் ஆண்டுச் சட்டம் பிறக்க இந்தத் துயரம் ஒரு முக்கிய காரணம். பிறர் உயிரைத் தம் கைகளில் ஏந்தியிருப்பவர் தெளிவோடு இருக்கிறாரா என்று அறியப் பொதுஜனங்களுக்கு முழுப் பாத்தியதை உண்டு. ஆனால் அந்தப் பாத்தியதை அவர் இப்போது எந்நிலையில் இருக்கிறார் என்பதைப் பற்றியது. சென்ற மாதம் எப்படிப் பொழுது போக்கினார் என்பதைப் பற்றியதன்று. டொராண்டோ நகரப் போக்குவரத்து ஸ்தாபனம் 2017-இல் பஸ் ஓட்டுவோர் முதலானவர்களைத் திடீர்ப் பரிசோதனைக்கு உட்படுத்தத் தொடங்கியபோது, சிறுநீரைக் கேட்காமல் உமிழ்நீரைச் சோதித்தது. உமிழ்நீர் அண்மையில் உட்கொண்டதையே பெரும்பாலும் காட்டும். ஜெர்மனியும் 2024-இல் கஞ்சாவை அனுமதித்தபின், வாகனம் ஓட்டுவோரின் ரத்தத்தில் டி.எச்.சி. இன்ன அளவைத் தாண்டலாகாது என்று வரையறுத்திருக்கிறது. ஜாக்கிரதையும் நியாயமும் ஒரே விதியில் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு இவை பிரத்யட்சமான உதாரணங்கள்.

நம் மனத்தை மிகவும் உறுத்துவது வேறொன்று. கஞ்சா விதியைத் தளர்த்தும் சலுகை யாருக்கு முதலில் கிடைத்தது என்று கவனிக்க வேண்டும். அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பால் விளையாட்டில் 2019-ஆம் ஆண்டு டிசம்பரில் கஞ்சாவைத் தடை வஸ்துக்களின் ஜாபிதாவிலிருந்து நீக்கினார்கள். கூடைப்பந்தாட்டக்காரர்களுக்கு 2023-இல் அதே விடுதலை வந்தது. எப்.பி.ஐ.யின் தலைவராயிருந்த ஜேம்ஸ் கோமி, கணினித் துறையில் திறமை மிக்க இளைஞர்களைச் சேர்க்க முயலும்போது கஞ்சா விதி குறுக்கே நிற்கிறது என்று 2014-லேயே பகிரங்கமாகப் பேசினார். பின்னாளில் அந்த ஸ்தாபனம், விண்ணப்பிப்பவர் மூன்று ஆண்டுகள் கஞ்சாவை விட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஓராண்டாகத் தளர்த்திற்று. ஆடிப் பாடி மகிழ்வதுபோல் ரசித்துச் செய்யத்தக்க வேலை, அரிதான திறமை, கொழுத்த ஊதியம் ஆகிய மூன்றும் உடையவனிடம் முதலாளி பேரம் பேசுகிறார். தொலைபேசி மேஜையில் நாள் முழுதும் பிறர் கோபத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவரிடமோ கோப்பையை நீட்டிச் சிறுநீர் கேட்கிறார். 2021-இல் அமேசான் கம்பெனி தன் கிடங்குத் தொழிலாளரைச் சேர்க்கும்போது கஞ்சாவுக்காகச் சோதிப்பதை விட்டொழித்தது பாராட்டத்தக்கதே. ஆயினும், விண்ணப்பதாரர் தொகை பெருகும் என்பதை அக்கம்பெனியே ஒரு காரணமாகக் கூறியிருப்பதால், ஆட்கள் மலிவாய்க் கிடைக்கும் காலம் திரும்பினால் இந்தத் தயாளம் நிற்குமா என்ற ஐயம் எழாமலில்லை. முதலாளியின் தேவையைப் பொறுத்து வருவதும் போவதுமாயிருப்பதை உரிமை என்று எப்படி அழைப்பது?

தன் வேலையில் ஆனந்தம் காண்பவனுக்கு லாகிரி வஸ்து எதற்கு என்று கேட்கும் நல்லோர் பலர் உண்டு. வேலையை நேசிப்பவர்களும் அதை நாடுகிறார்கள் என்பதை விளையாட்டு வீரர்களின் சரித்திரமே காட்டுகிறது. 1998-இல் நகானோ ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குப் பலகைப் போட்டியில் தங்கம் வென்ற கனடியர் ராஸ் ரெபாக்லியாட்டியிடமிருந்து கஞ்சாவின் காரணமாகப் பதக்கம் பறிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் மீண்டது. 2021-இல் ஷகாரி ரிச்சர்ட்ஸன், கஞ்சா சட்டபூர்வமாயிருந்த ஆரிகன் மாநிலத்தில், பெற்ற தாயின் மரணச் செய்தி கேட்ட துயரில் அதை உட்கொண்டு, தாம் வென்றெடுத்த 100 மீட்டர் ஓட்டத் தகுதியை இழந்தார். துயரமும் களைப்பும் எவரையும் விடுவதில்லை. அன்றியும், செய்யும் வேலையில் இன்பம் இல்லாதவனுக்கு வேலை முடிந்தபின் வரும் நேரம் ஒன்றே சொந்தம். நாள் முழுதும் கூலிக்கு விற்றது போக எஞ்சிய அந்தச் சில மணி நேரத்தில், சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குள் அவன் என்ன செய்கிறான் என்று விசாரிக்க முதலாளிக்கு என்ன அதிகாரம்?

கலிபோர்னியா இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. போதையற்ற எச்சப்பொருளைக் காட்டும் பரிசோதனையின் பேரில் ஒருவரை வேலைக்கு எடுக்க மறுப்பதோ நீக்குவதோ கூடாது என்று 2024 ஜனவரி முதல் அங்கே சட்டம். வேலை நேரத்தில் போதையில் இருப்பவரை நீக்க முதலாளிக்கு உள்ள உரிமையில் அது கை வைக்கவில்லை. ஆனால் கட்டடத் தொழிலாளரை அச்சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து விலக்கியது பெருங்குறை. சாரத்தின் மீது நிற்பவரின் தெளிவு முக்கியமானால் அவரை அன்றன்று சோதிக்கட்டும். எழுத்துமேஜைக்காரருக்கு ஒரு நீதியும் சாரத்துக்காரருக்கு ஒரு நீதியும் வேண்டாம். கனடாவின் உச்ச நீதிமன்றம் 2013-இல், செயின்ட் ஜான் நகரத்து இர்விங் காகித ஆலை வழக்கில், அபாயம் நிறைந்த ஆலையேயானாலும், அங்கே குடியினால் உண்மையில் சங்கடம் இருப்பதை நிர்வாகம் நிரூபித்தாலொழிய எல்லோரையும் திடீர்ப் பரிசோதனைக்கு இழுக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. நிரூபிக்கும் பாரத்தை நிர்வாகத்தின் தோளில் வைத்த அந்தத் தத்துவத்தைக் கஞ்சாவுக்கும் விரித்து, கனடாவின் மத்திய, மாகாண சட்டசபைகள் எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான சட்டமாக இயற்ற வேண்டும். 28 நாள் விதி வேண்டுமென்னும் இலாகா எதுவாயினும், 28-ஆம் நாளில் தன் சிப்பந்தியின் கை நடுங்குகிறது என்பதை முதலில் அந்தச் சட்டசபைகளின் முன் நிரூபிக்கட்டும்.