லேமினேட் செய்த காகிதம்

"நமக்குத்தான் ரெண்டு தடவை வந்து போயிடுச்சே சார், இனிமே கொரோனாவுக்கு என்ன பயம்?" என்று போன வாரம் கடற்கரைச் சாலையில் காலை நடையின்போது ஒரு நண்பர் சொன்னார். சொல்லிவிட்டு இருமினார். அன்று சாயங்காலமே எண்பது தாண்டிய பெரியவர் ஒருவரின் பிறந்தநாளுக்குப் போய், காதருகே குனிந்து வாழ்த்திவிட்டு வந்தாராம். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 கடைசியில் எங்கள் குடியிருப்பில் ஒரு காகிதத்துக்கு ஏக மவுசு. ஆன்டிபாடி டெஸ்ட் ரிசல்ட்! செப்டம்பரில் காய்ச்சல் வந்து தேறிய மாடிவீட்டு நண்பர் அதை லேமினேட் செய்தே வைத்திருந்தார். 2021 பிப்ரவரியில் நடந்த சங்கக் கூட்டத்தில், இந்தக் காகிதம் இருப்பவர்கள் மாஸ்க் போட வேண்டியதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். எதிர்த்துக் கை தூக்கியவன் நான் ஒருவன்தான். "கிளார்க்கு புத்தி போகுதா பாரு" என்றார் செயலாளர். ஆமாம், கிளார்க்கு புத்திதான். எந்தச் சான்றிதழை நீட்டினாலும் எந்தத் தேதி வரை செல்லும் என்றுதான் முதலில் பார்ப்பேன். பென்ஷன் வாங்கும் நாமே உயிரோடு இருக்கிறோம் என்று வருஷா வருஷம் சான்று கொடுக்கிறோமே! அந்தக் காகிதத்தில் கெடு தேதியே இல்லை.

மார்ச் 1 முதல் அறுபது தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். நண்பர் தானும் போகவில்லை, மனைவியையும் அழைத்துப் போகவில்லை. மே மாதம் அவருக்கு மறுபடி வந்தது. இரண்டு நாள் தொண்டைக் கரகரப்பு, அவ்வளவுதான். அந்த அம்மாளுக்கு அதுதான் முதல் தடவை. பதினோராம் நாள் போய்விட்டார். காகிதத்தைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்களுக்கு 'இம்யூனிதே' என்ற சொல் வேறு மாதிரி அறிமுகம். லத்தீனில் அதன் வேர், வரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் விலக்கு என்பது. தமிழில் 'எதிர்ப்பு சக்தி' என்றதும் ஏதோ கோட்டைச் சுவர் என்று நினைத்துவிடுகிறோம். விலக்கு என்றால் அது எப்போது வேண்டுமானாலும் ரத்தாகும் என்று ஆபீசில் இருந்தவனுக்குத் தெரியும்.

நம் ஊர்க் கணக்கையே பாருங்கள். ஜிப்மர் எடுத்த ரத்த ஆய்வில் 2020 ஆகஸ்டில் 4.9 சதவீதம் பேருக்கு இருந்த ஆன்டிபாடி, அக்டோபரில் 34.5 சதவீதம் பேருக்கு இருந்தது. மூன்றில் ஒருவர்! இனி ஊருக்கே கவசம் என்றார்கள். அடுத்த மே மாதம் என்ன ஆயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிரேசிலின் மனாவ்ஸ் நகரில் முக்கால்வாசிப் பேருக்கு வந்து போய்விட்டது என்று 2020 அக்டோபர் வாக்கில் கணக்குச் சொன்னார்கள். ஜனவரியில் அங்கே ஆக்சிஜன் இல்லாமல் ஜனங்கள் செத்தார்கள். கிருமி உருமாறியதும் ஒரு காரணம். 2021 கடைசியில் வந்த ஒமிக்ரானோ பழைய தொற்றையும் ஊசியையும் தாண்டிக்கொண்டு வீடு வீடாகப் புகுந்தது.

உடம்பு எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது என்று நான் சொல்லவில்லை. ஆன்டிபாடி குறைந்தாலும் நினைவு அணுக்கள் இருக்கின்றன. ஒரு தடவை வந்தவருக்கு, ஊசி போட்டவருக்கு, அடுத்த தடவை பெரும்பாலும் லேசாகத்தான் வரும். ஆனால் லேசு உனக்கப்பா! நீ இருமுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு?

அந்த டெஸ்டையும் சொல்லிவிடுகிறேன். சில டெஸ்டுகள் கிருமியின் மேல்முள்ளுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும், சில உட்புரதத்துக்கு எதிரானதை. கோவிஷீல்டு போட்டவர் இரண்டாவது வகை டெஸ்டுக்குப் போனால், ஊசி நன்றாக வேலை செய்திருந்தாலும், தொற்று வராதவராக இருந்தால் 'இல்லை' என்றே வரும். எங்கள் தெருவில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. 'இருக்கு' என்று வந்தவரோ மாஸ்க்கைக் கழற்றி எறிந்தார். இரண்டு பேருமே காசு கொடுத்து ஏமாந்தவர்கள்தான்.

நடை நண்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. இருமல் நிற்கிற வரை பெரியவர் வீட்டுப் பக்கம் போகாதீர்கள். நடைக்கு வந்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு வாருங்கள், நான் காந்தி சிலைக்கு எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன்.