நள்ளிரவுக் குதிரைக்குக் கோடம்பாக்கத்தில் ஜாதகம்

சென்ற இதழில் ஆல்-வெதர் குதிரைப் பந்தயம் பற்றி எழுதியவர் கோடம்பாக்கத்தில் நெடுநாளாகக் கதை விவாதங்களில் உட்காருபவர் என்று ஆசிரியர் குறிப்பு சொன்னது. குறிப்பு இல்லாவிட்டாலும் கண்டுபிடித்திருக்கலாம். கட்டுரையில் நாயகன் உண்டு, வில்லன் உண்டு, இடைவேளைத் திருப்பம் உண்டு, கடைசியில் சுபமும் உண்டு. ஒன்றுதான் இல்லை. ஜெயிக்கப்போகும் குதிரையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பக்கம் பக்கமாகச் சொன்னவர், அந்தக் குதிரைமேல் என்ன ரேட்டுக்குப் பணம் கட்டுவது என்று ஒரு வரி எழுதவில்லை. ரேஸ் தெரிந்த எவனும் அந்த வரியைத்தான் முதலில் எழுதுவான்.

அவர் வாதம் இவ்வளவுதான். கிண்டியில் புல்தரை; ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை பெய்தால் கணக்கெல்லாம் சேறாகிவிடும். இங்கிலாந்தின் ஆல்-வெதர் மைதானங்களில் ஓடுதளம் செயற்கை. மழையோ பனியோ அதை ஒன்றும் செய்யாது. ஆகவே அங்கே அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. குதிரையின் பழைய ஓட்டங்களைப் படித்தவன் கோடம்பாக்கத்து மாடி அறையில் உட்கார்ந்தபடியே மாதச் சம்பளம்போல எடுக்கலாம். உச்ச நீதிமன்றமே குதிரைப் பந்தயத்தைத் திறமை என்று சொல்லிவிட்டது. ஹாங்காங்கில் ஒருவர் கோடீஸ்வரரே ஆகியிருக்கிறார்.

முதலில் அந்த மாறாத தரையைப் பார்ப்போம். ஆல்-வெதர் பந்தயம் இங்கிலாந்தில் 1989 அக்டோபரில் லிங்ஃபீல்டில் தொடங்கியது. குளிர்காலத்தில் தரை உறைந்து பந்தயங்கள் ரத்தாகிக்கொண்டிருந்தன; ரத்தாகாமல் நடத்த ஒரு தரை தேவைப்பட்டது. பந்தயம் கட்டுபவனுக்குக் கணக்கு எளிதாகட்டும் என்று யாரும் அதைப் போடவில்லை. பாலிட்ராக், டாபெட்டா என்று இன்று சொல்லப்படுபவை மணலோடு நார் கலந்து மெழுகு பூசிய கலவைகள். மெழுகு வெயிலில் ஒரு மாதிரியும் உறைபனியில் வேறு மாதிரியும் இருக்கும் என்பது வீட்டில் மெழுகுவத்தி வைத்திருக்கிற யாருக்கும் தெரியும். அந்த நாட்டு அதிகாரிகளுக்கும் தெரியும். ஆகவே இந்தத் தரையின் நிலையை அறிவிக்கவே வேகம், இயல்பு, மந்தம் என்று இடைநிலைகளும் சேர்த்து ஐந்து படிகள் வைத்திருக்கிறார்கள். மாறவே மாறாத தரைக்கு ஐந்து பெயர் எதற்கு?

போகட்டும், ஒரே பெயரில் வழங்குவதால் எல்லாம் ஒரே தரையாகிவிடுமா? கெம்ப்டனில் பாலிட்ராக், வலப்பக்க ஓட்டம். உல்வர்ஹாம்டனில் டாபெட்டா, இடப்பக்கம், நெருக்கமான வளைவுகள். நியூகாசிலில் ஒரு மைல் தூரத்தைக் குதிரை வளைவே இல்லாமல் நேர்க்கோட்டில் ஓடுகிறது. கெம்ப்டனின் குறுகிய தூரங்களில் உள்பக்கக் கதவு கிடைத்த குதிரைக்கு அனுகூலம் என்பது அங்கே பழைய செய்தி. அந்தக் கதவு எண்ணைத் தீர்மானிப்பது குலுக்கல். அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லாத பந்தயத்தில் ஓட்டம் தொடங்குமுன்பே ஒரு குலுக்கல் நடந்துவிடுகிறது. ஹாங்காங்கின் ஷா டின்னிலும் ஆல்-வெதர் டிராக் என்று ஒன்று இருக்கிறது. அது வெறும் மணல் டிராக். அங்கே ஓடிய குதிரையின் ஃபார்மை உல்வர்ஹாம்டனுக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்வாரா?

செயற்கைத் தரைதான் எதிர்காலம் என்று நடுவில் ஒரு ஆரூடமும் சொன்னார். அமெரிக்காவில் கீன்லாந்து 2006-இல் பாலிட்ராக் போட்டு 2014-இல் பெயர்த்து எடுத்தது. துபாயின் மெய்தானில் 2010-இல் டாபெட்டாவோடு திறந்தார்கள், நாலே வருடத்தில் பழையபடி மண்ணுக்குத் திரும்பினார்கள். பாலிட்ராக் வைத்திருந்த சிங்கப்பூர் கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதியோடு பந்தயமே முடிந்துவிட்டது.

இதைவிடப் பெரிய ஓட்டை இனிமேல்தான். ஆல்-வெதர் மைதானங்களில் குளிர்கால இரவுகளில் ஓடுகிறவை பெரும்பாலும் ஐந்தாம், ஆறாம் தரக் குதிரைகள். ஓடுவது ஹேண்டிகேப் பந்தயங்கள். ஹேண்டிகேப்பர் என்ற அதிகாரியின் வேலை என்ன? நல்ல குதிரையின் முதுகில் கூடுதல் எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை; எல்லாமும் ஒரே கோட்டில் வந்து சேர வேண்டும் என்று பார்ப்பது. அங்கே ரேட்டிங்கில் ஒரு புள்ளி கூடினால் முதுகில் ஒரு பவுண்டு கூடும். கிண்டி ரேஸ் புக்கில் அரைக் கிலோ. கட்டுரையாளர் எந்தப் பழைய ஓட்டங்களைப் படித்துவிட்டு ‘இந்தக் குதிரை நிச்சயம்’ என்கிறாரோ, அதே ஓட்டங்களை அவருக்கு முன்பே படித்து, அந்த அனுகூலத்தை எடை போட்டு அழிப்பதற்கென்றே ஒருவர் சம்பளம் வாங்குகிறார். போன வாரம் மூன்று நீளத்தில் ஜெயித்த குதிரைக்கு இந்த வாரம் எடை ஏறியிருக்கும். அனுபவமற்ற பயிற்சி ஜாக்கி ஏறினால் ஏழு பவுண்டு வரை கழியும். இதில் எதைப் பற்றியும் கட்டுரையில் பேச்சு மூச்சு இல்லை.

சரி, இவ்வளவையும் தாண்டி அவர் கணித்துவிடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். கணித்தது அவர் மட்டும்தானா? அவர் மாடி அறையில் பார்க்கும் அதே புள்ளிவிவரம் லண்டனில் புக்கியிடம் வேலை பார்ப்பவனின் திரையிலும் இருக்கிறது. தரை நிலையானது, ஃபார்ம் நம்பகமானது என்று எல்லோருக்கும் தெரிந்தால் நடப்பது ஒன்றே: நல்ல குதிரையின் ரேட் சுருங்கும். ஃபேவரிட்டுகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பந்தயம் ஜெயிக்கின்றன என்பது ரேஸ் உலகம் முழுக்கத் தெரிந்த சங்கதி. அப்படியிருந்தும் ஃபேவரிட்டிலேயே கண்ணை மூடிக்கொண்டு கட்டிவந்தவர்கள் பணக்காரர் ஆகவில்லையே, ஏன்? மூன்றில் ஒன்று ஜெயிக்கும் குதிரைக்கு அதற்கும் குறைவான ரேட்டைத்தான் பலகை தரும். ஜெயிக்கும் குதிரையைக் கண்டுபிடிப்பதும் அதில் லாபம் பார்ப்பதும் தனித்தனி வித்தைகள். முதல் வித்தை சைதாப்பேட்டை டீக்கடையில் ரேஸ் புக்கை மடித்து வைத்திருக்கும் பெரியவருக்கும் ஓரளவு வரும். இரண்டாவதைப் பற்றித்தான் கட்டுரை வாய் திறக்கவில்லை.

நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். குதிரைப் பந்தயத்தில் கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். 100 ரூபாய் பந்தயத்துக்கு மேல் 40 ரூபாய் வரி என்றால் கையை விட்டுப் போவது 140. ஒன்றுக்கு ஒன்று ரேட்டில் ஃபேவரிட் ஜெயித்தால் திரும்பி வருவது 200. வரி இல்லாத காலத்தில் இரண்டில் ஒன்று ஜெயித்தால் கை கடிக்காது. இப்போது பத்தில் ஏழு ஜெயித்தால்தான் போட்ட பணமே வரும். கட்டுரையாளர் தன்னுடைய வெற்றி விகிதம் என்று பெருமையாகச் சொன்னதும் இதே பத்தில் ஏழுதான்! அவர் சொன்னதை அப்படியே நம்பினாலும், ஒன்றுக்கு ஒன்று ரேட்டில் உள்ளூரில் கட்டினால், ஒரு வருடம் கண்விழித்ததற்கு அவர் சம்பாதித்தது பூஜ்யம். ரேட் அதற்கும் கீழே இருந்தால் கைக்காசு போகும். இதன்மேல் வருமான வரி வேறு. ஜெயித்த தொகைக்கு 30 சதவீதம். தோற்றதைக் காட்டிக் கழித்துக்கொள்ள வழியில்லை.

‘நான் கட்டச் சொல்வது கிண்டியில் இல்லையே, செல்போனில்தானே’ என்பார். அங்கேதான் உச்ச நீதிமன்றத்தை இழுத்து வந்து நிறுத்துகிறார். அந்த வழக்கின் கதை சென்னைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். 1974-இல் கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. ஜெமினி மேம்பாலத்தடியில் திமிறும் குதிரையை ஒருவன் இழுத்துப் பிடிக்கும் சிலை அந்தத் தடையின் நினைவாக வைக்கப்பட்டதுதான். கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயத்தில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று சொன்னது, கிண்டியின் ரேஸ் கிளப் பிழைத்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் கை, இவற்றை எடைபோடும் அறிவு எல்லாம் திறமையின் கணக்கில் வந்தன. நீதிமன்றத்தின் முன்னால் இருந்த கேள்வி இது சூதாட்டச் சட்டத்துக்குள் வருமா என்பது. கட்டுகிறவன் லாபம் பார்ப்பானா என்று யாரும் கேட்கவும் இல்லை, நீதிபதிகள் சொல்லவும் இல்லை. சதுரங்கமும் திறமைதான். அதற்காக விஸ்வநாதன் ஆனந்தோடு பணம் கட்டி ஆடப்போவாரா கட்டுரையாளர்? திறமை என்று வந்துவிட்டால் திறமை குறைந்தவன் தோற்பது உறுதி என்றுதானே பொருள்.

செல்போனுக்கோ அந்தத் தீர்ப்பு குடை பிடிக்காது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமலே தடை செய்கிறது. தமிழ்நாட்டுக்கென்று 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. வெளிநாட்டுச் செயலியில் பணம் கட்டச் சொல்லி வாசகரை அனுப்புகிறவர், ஜெயித்த பணத்தை அந்தச் செயலி தராவிட்டால் வாசகர் எந்த போலீஸ் ஸ்டேஷன் படியேறுவது என்றும் எழுதியிருக்க வேண்டும். உல்வர்ஹாம்டனில் குளிர்கால இரவு ஏழரை மணிப் பந்தயம் ஆற்காடு சாலையில் ஒரு மணி. அந்த நேரத்தில் கேட்பாரும் இல்லை.

ஹாங்காங் கோடீஸ்வரர் பில் பென்டரைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. அவரைக் கூப்பிட்டதுதான் கட்டுரையாளர் தனக்கே செய்துகொண்ட பெரிய கெடுதல். பென்டர் 1980-களின் நடுவில் அங்கே போய் முதலில் கொண்டுபோன பணத்தில் பெரும்பகுதியைத் தொலைத்தார். பிறகு ஆட்களை வைத்து ஒவ்வொரு ஓட்டத்தையும் பதிவு செய்து, கணினி மாடல் கட்டி, வருடக்கணக்கில் திருத்தினார். இரண்டே மைதானங்கள், ஓடுவதும் திரும்பத் திரும்ப அதே குதிரைகள், டோட்டில், அதாவது எல்லோரும் கட்டும் பொதுக் குவியலில், மலையளவு பணம். இத்தனை வசதியும் அவருக்கு இருந்தது. 1994-இல் தன் முறையை அவரே கட்டுரையாக எழுதி வெளியிட்டார். அதன் சாரத்தைக் கட்டுரையாளர் படித்திருந்தால் அவர் பெயரையே எடுத்திருக்க மாட்டார். தன்னுடைய மாடல் மட்டும் தனியாக நின்றால் போதாது. பலகையில் தெரியும் ரேட்டையும், அதாவது கட்டுகிற கூட்டத்தின் கணிப்பையும், உள்ளே சேர்த்தால்தான் லாபம் என்கிறார் பென்டர். பலகை எந்தக் குதிரையைக் குறைவாக மதித்திருக்கிறதோ அதைத் தேடித்தான் அவர் பணம் போனது. நம்மவர் பலகையையே பார்ப்பதில்லை.

எஸ்.எஸ். வாசனையும் விட்டுவைக்கவில்லை. வாசனுக்குக் குதிரை ஆசை இருந்தது உண்மை; அவர் குதிரை ஒன்றின் பெயர்தான் ஜெமினி ஸ்டூடியோவுக்கு வந்தது என்று ஊரில் சொல்வதும் உண்டு. ஆனால் 1928-இல் ஆனந்த விகடனை வாங்கி, பத்திரிகை விற்கத் தெரிந்து, ‘சந்திரலேகா’வை இந்தியா முழுக்க ஓட்டத் தெரிந்த முதலாளி அவர். கட்டுரையாளர் அவரை ரேஸ் புக் பார்த்தே பெரிய ஆளானவராகக் காட்டுகிறார். அதற்கு ஓர் ஆதாரமும் தரவில்லை. சினிமாக்காரருக்கே சினிமாக்காரர் கதை இப்படித் தெரிந்திருப்பது கொஞ்சம் வருத்தம்தான்.

மிச்சம் இருப்பது அந்தப் பத்தில் ஏழு. சாட்சியாகச் சில ஜெயித்த ரசீதுகளின் படத்தைப் போட்டிருந்தார். 2008-இல் இங்கிலாந்தில் டெரன் பிரவுன் என்ற மாயாஜாலக்காரர் ‘தி சிஸ்டம்’ என்று ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி செய்தார். ஒரு பெண்ணுக்கு முகம் தெரியாத ஆளாகச் செய்தி அனுப்பி, தொடர்ந்து ஐந்து பந்தயங்களில் ஜெயிக்கும் குதிரையை முன்கூட்டியே சொன்னார். ஐந்தும் பலித்தன. ரகசியம் இதுதான்: தொடக்கத்தில் 7,776 பேரை ஆறு பங்காகப் பிரித்து ஆளுக்கொரு குதிரையை அனுப்பினார். பலித்த பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி ஆறாகப் பிரித்தார். ஐந்தாவது பந்தயம் முடிந்தபோது எஞ்சியவர் ஒருவர். அவர் கையில் ஐந்து ஜெயித்த ரசீதுகள்! நம் டிப்ஸ்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சில இந்த முறையில் ஓடுகின்றன என்று சந்தேகப்பட எனக்குக் காரணம் உண்டு. காலையில் ஒரு குழுவில் ‘பேங்கர்’ என்று வந்த குதிரை இன்னொரு குழுவில் வேறு பெயரோடு வந்ததை நானே பார்த்திருக்கிறேன். கட்டுரையாளர் அப்படிச் செய்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஜெயித்த ரசீதை மட்டும் காட்டுகிறவரையும் அப்படிச் செய்கிறவரையும் வாசகர் எப்படிப் பிரித்து அறிவது?

குதிரையை நேசிக்கிறவன் நான். கிண்டியில் விடியற்காலை மணல் டிராக்கில் குதிரை மூச்சு விடும் சத்தம் கேட்டு வளர்ந்த தலைமுறை. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து, 730 கோடி ரூபாய்க்கு மேல் வாடகை பாக்கி என்று 160 ஏக்கருக்குச் சீல் வைத்தபோது வருத்தப்பட்டவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இந்த எரிச்சல். லாயம், ஜாக்கி, நடை, வேர்வை, பேடாக்கில் குதிரை காதை மடக்குகிறதா என்று பார்ப்பது எதுவுமே இல்லாமல், ஒரு குதிரையைக்கூட நேரில் பார்த்திராத பையன்களிடம் இதை மாதச் சம்பளம் என்று விற்கிறார்.

இன்னும் தன் முறையில் நம்பிக்கை இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. அடுத்து வரும் நூறு ஆல்-வெதர் பந்தயங்களுக்கு, ஒன்றுகூட விடாமல், கதவு திறக்குமுன் குதிரையின் பெயரையும் அப்போதைய ரேட்டையும் இந்தப் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பட்டும். பணம் கட்ட வேண்டாம், காகிதத்தில் போதும். நூறும் முடிந்த பிறகு, வரியைக் கழித்துக் கூட்டிப் பார்த்து, வந்த எண்ணை அவர் பெயரோடு ஆசிரியர் அச்சிடட்டும். அதுவரை வாசகர்கள் இரவு பதினொரு மணிக்குத் தூங்கப் போகலாம்.