பையில் வைக்க மறந்த பொருள்!



கோடை விடுமுறை முடியப் போகிறது. கடற்கரைச் சாலையில் ராத்திரி பத்து மணி வரை காற்று வாங்கியது போதும்; பாட்டி வீட்டில் மாம்பழம் தின்றதும் போதும். ஜூன் மாதம் பள்ளி மணி அடித்துவிடும்!

போன ஞாயிற்றுக்கிழமை, நம் புதுச்சேரி காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் பக்கம் போனேன். கால் வைக்க இடமில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் பள்ளிப் பை, ஷூ, டிபன் பாக்ஸ். என் பக்கத்தில் ஓர் அம்மா, கையில் சீட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டிருந்தார்.

''பை ஆச்சு, ஷூ ஆச்சு, தண்ணி பாட்டில் ஆச்சு... எல்லாம் வாங்கியாச்சுடா!''

உடன் வந்த பையன் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

''அம்மா... ஒன்பதாவதுல பாடம் ரொம்பக் கஷ்டமா இருக்குமாமே?''

''அதெல்லாம் எனக்கென்னடா தெரியும்? டியூஷன்ல கேட்டுக்கோ!''

இருவரும் கூட்டத்தில் கலந்துவிட்டனர். ஆனால், அந்தச் சீட்டில் ஒரு பொருள் எழுதப்படாமலே விட்டுப்போனது. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். உங்களோடு மட்டுமல்ல... இதை அம்மா, அப்பாவுக்கும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். சரியா?

அந்த அம்மா அப்படிச் சொன்னதில் தவறில்லை. அவர் படித்த காலம் வேறு. நம் ஊருக்கென்று தனியாகப் பாடத்திட்டம் இருந்ததில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்தைப் படித்தன. மாஹே கேரளத்துப் பாடத்தை, ஏனாம் ஆந்திரத்துப் பாடத்தைப் படித்தன. தொடக்க வகுப்புகளில் முதலில் மாற்றம் வந்தது. பிறகு 2023-24ல் அரசுப் பள்ளிகளின் உயர் வகுப்புகளும் சி.பி.எஸ்.இ.க்கு மாறத் தொடங்கின. அடுத்த ஆண்டே பத்தும் பன்னிரண்டும் மாறின. ஆக, தமிழில் பத்தாவது படித்த அப்பாவின் கையில், அவர் பார்த்தே இராத ஓர் ஆங்கிலப் புத்தகம்! அவர் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

அங்கேதான் ஆபத்து ஆரம்பிக்கிறது. 'எனக்கு ஒண்ணும் புரியலை' என்று பெற்றோர் ஒதுங்குகின்றனர். 'உங்களுக்கு ஒண்ணும் தெரியாது' என்று பிள்ளைகள் ஒதுக்குகின்றனர். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர் எழும்பிவிடுகிறது. பாடம் கடினமாக இருப்பதைவிட இந்தச் சுவர்தான் பெரிய கெடுதல் என்பது என் கருத்து.

எப்படிச் சொல்கிறேன் என்றால், அந்தச் சுவரை நானே ஒரு காலத்தில் கட்டியவன்!

அப்போது நம் ஊரில் ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி என்று மூன்று பெரிய பஞ்சாலைகள் ஓடிக்கொண்டிருந்தன. மில் சங்கு ஊதுவதை வைத்தே நேரம் சொல்வார்கள். இன்று அந்தச் சத்தம் இல்லை. என் அப்பா மில் தொழிலாளி. ஐந்தாவது வரை படித்தவர். ஷிப்ட் முடிந்து வரும்போது தலையெல்லாம் பஞ்சுத் துகள் ஒட்டியிருக்கும்.

நான் ஒன்பதாவது சேர்ந்த புதிதில், பெற்றோர் கூட்டத்துக்கு வரச்சொல்லிப் பள்ளியில் ஒரு கடிதம் கொடுத்தனர். அதை நான் அப்பாவிடம் காட்டவில்லை. பூகோளப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துவிட்டேன். காரணம், வெட்கம். மற்றப் பையன்களின் அப்பாக்கள் எல்லாம் ஆபீசில் வேலை பார்ப்பவர்கள். இஸ்திரி போட்ட பேன்ட், சட்டையில் வருவார்கள். என் அப்பா வந்து ஏதாவது தப்பாகப் பேசிவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை புத்தகங்களுக்கு அட்டை போட உட்கார்ந்தார் அப்பா. பூகோளப் புத்தகத்தை எடுத்தார். கடிதம் கீழே விழுந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்!

கூட்டத்தன்று, ராத்திரி ஷிப்ட் முடித்தவர் தூங்காமல் குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். மற்றவர்கள் மார்க்கைப் பற்றிக் கேட்டனர். அப்பா ஆசிரியரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

''சார்... என் பையன் வகுப்புல கேள்வி கேக்குறானா?''

ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அதுவரை ஒரு கேள்வியும் கேட்டதில்லை!

அன்று ராத்திரி அப்பா சொன்னார்: ''தம்பி, எனக்குப் பாடம் தெரியாது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா, உனக்குத் தெரிஞ்சதை எனக்குச் சொல்லிக் குடுக்கலாம்ல?''

மறுநாளிலிருந்து, சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் நான் வாத்தியார், அப்பா மாணவர். அன்று நடந்த பாடத்தைச் சொல்வேன். அவர் குறுக்கே, ''அப்படின்னா?'' என்பார். அங்கேதான் நான் மாட்டிக்கொள்வேன். மனப்பாடம் செய்த வரி வாயில் இருக்கும், அர்த்தம் இருக்காது. மறுபடியும் புத்தகத்தைப் புரட்டுவேன். அதிலும் விளங்காவிட்டால் மறுநாள் வகுப்பில் கை தூக்குவேன். என்னைக் கேள்வி கேட்க வைத்தது, ஐந்தாவது படித்த என் அப்பாதான்.

குழந்தைகளே, அந்தச் சீட்டில் விட்டுப்போன பொருள் எது என்று இப்போது புரிந்ததா? அந்தப் பத்து நிமிடம்தான்! கடையில் கிடைக்காது, காசும் கிடையாது.

இது பழைய கதை என்று எண்ண வேண்டாம். இன்றைய சி.பி.எஸ்.இ. தேர்வில், ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் ஏறத்தாழப் பாதி வினாக்கள், படித்ததைப் பயன்படுத்தத் தெரிகிறதா என்று சோதிப்பவை. வரி மாறாமல் ஒப்பிப்பவர் அங்கே திணறுவார், 'அப்படின்னா?' என்ற கேள்விக்குத் தினமும் பதில் சொல்லிப் பழகியவர் தப்பித்துக்கொள்வார்.

அதனால், பள்ளி திறப்பதற்கு முன் ஒருநாள் சாயங்காலம், டிவியை அணைத்துவிட்டு, செல்போனை அலமாரியில் வைத்துவிட்டு, வீட்டில் எல்லோரும் வட்டமாக உட்காருங்கள். இவற்றைப் பேசி முடிவு செய்யுங்கள்.

* பத்து நிமிடம் எப்போது? ராத்திரியா, காலையிலா? அப்பாவுக்கு வேலை என்றால் அம்மாவிடம், ஆயாவிடம், யாரிடமும் சொல்லலாம்.

* வீட்டு வேலை யார் யாருக்கு? அக்கா தண்ணீர் பிடித்து, பாத்திரம் கழுவி முடிக்கும்வரை தம்பி டிவி பார்க்கிறான் என்றால், அந்த வீட்டில் அக்காவின் படிப்பு நேரத்தைத் தம்பி எடுத்துக்கொள்கிறான் என்று பொருள். பங்கு போடுங்கள்!

* எப்போது தூங்குவது? 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் தேவை. முதல்நாள் திடீரென்று ஆறு மணிக்கு எழ முடியாது. இப்போதிருந்தே தினம் கால் மணி நேரம் முன்னதாக எழுந்து பழகுங்கள்.

* பையில் என்ன? உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்கிறது 2020ல் வந்த மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கை. 40 கிலோ எடை என்றால் பை 4 கிலோ. பழைய பை நன்றாக இருந்தால் புதுசுக்கு அடம் பிடிக்க வேண்டாம்!

* மதிப்பெண் எப்படி வருகிறது? ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் முக்கியப் பாடங்களுக்கு 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வு. 20 மதிப்பெண் பள்ளியிலேயே போடுவது. சிறு தேர்வு, நோட்டு, செய்முறை எல்லாம் அதில் அடக்கம். ஆகவே, 'கடைசி மாதத்தில் பார்த்துக்கலாம்' என்ற பேச்சே கூடாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பள்ளி திறக்கும் முன்பே டியூஷனுக்குப் பணம் கட்ட ஓடாதீர்கள். ஒரு மாதம் பாருங்கள். எந்தப் பாடத்தில் பிள்ளை தடுமாறுகிறது என்பது தெரிந்த பிறகு முடிவு செய்யுங்கள். 'பக்கத்து வீட்டுப் பையனைப் பார்' என்ற வாசகத்தை இந்த ஆண்டு ஒருமுறைகூடச் சொல்வதில்லை என்று உறுதி எடுங்கள். படிக்கவில்லையே என்று நீங்கள் கூச வேண்டாம். 'எனக்குத் தெரியாது, நீ சொல்லு' என்று கேட்க எந்தப் பட்டமும் தேவையில்லை.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளியில் இருந்து கடிதம் வந்தால், அன்றைக்கே வீட்டில் காட்டிவிடுங்கள். அப்பா எந்தச் சட்டையில் வந்தாலும், அம்மா எந்த வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தாலும், அவர்கள் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

அன்று, கூட்டம் முடிந்து போகும்போது அப்பா வாசலில் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். பசங்கள் பார்க்கிறார்களே என்று நான் பதிலுக்குக் கையசைக்கவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது மனதை உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

நீங்கள் கையசைத்து விடுங்கள், செல்லங்களே. புதிய வகுப்புக்கு வாழ்த்துகள்!