பாட்டிக்கு ஸ்வெட்டர் வாங்கப் போறீங்களா? முதல்ல பட்டன் இருக்கான்னு பாருங்க!

"திருவண்ணாமலையில அப்படி என்ன பெரிய குளிர்?"

மார்கழி வந்தா வேங்கிக்கால்ல எங்க வீட்டுல தவறாம கேட்கிற டயலாக் இது. ஊட்டிக்கு மூணு நாள் டூர் போக ஜெர்கின் தேடி அலையற நாம, ஏரிக்காத்துல விடியற்காலை எழுந்து வாசல் தெளிக்கிற பாட்டிக்கு ஒரு பழைய போர்வை போதும்னு விட்டுடறோம்.

போன டிசம்பர்ல எனக்கும் புத்தி வந்து, ஆன்லைன்ல தடிமனான ஸ்வெட்டர் ஒண்ணு ஆர்டர் பண்ணேன். தலை வழியா மாட்டுற மாடல். "நல்லா இருக்கு கண்ணு"ன்னு சொன்ன பாட்டி, அதை ஒருநாள்கூடப் போடல. பொங்கல் அன்னிக்குத்தான் விஷயம் தெரிஞ்சுது. தோள்பட்டை வலியால அவங்களால கையைத் தலைக்கு மேல தூக்கவே முடியாது. சொன்னா நான் வருத்தப்படுவேன்னு சொல்லல.

அதனால என் கருத்து இதுதான்: பெரியவங்களுக்கான குளிர் உடையில முதல் கேள்வி 'எவ்வளவு தடிமன்?' இல்லை. 'யார் உதவியும் இல்லாம அவங்களே போட்டுக் கழட்ட முடியுமா?' என்பதுதான்.

நமக்குக் குளிரல, அவங்களுக்கு மட்டும் ஏன்?

வயசாக ஆக தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பும், உடலுக்குச் சூடு தரும் தசையும் குறைகின்றன. தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், சில மாத்திரைகள் இதை இன்னும் மோசமாக்கலாம். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் ரத்த அழுத்தமும் ஏறும். இதில் சிக்கல் என்னன்னா, குளிரை உணரும் திறனும் மந்தமாகிவிடும். "எனக்குக் குளிரலப்பா"ன்னு அவங்க சொல்றதை அப்படியே நம்ப முடியாது. கை, கால் மட்டுமில்ல, வயித்தையும் தொட்டுப் பாருங்க.

குளிர் நாடுகளில் வீட்டுக்குள் வெப்பநிலை 18 டிகிரிக்குக் குறையக் கூடாது, முதியவர்களுக்கு அதைவிட அதிகமாகவும் தேவைப்படலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல். மார்கழி விடியலில் நம்ம ஊரும் 20 டிகிரியை ஒட்டி இறங்கிடுது. ஜன்னல் சரியா மூடாத ஓட்டு வீட்டுல உள்ளேயும் கிட்டத்தட்ட அதே குளிர்தான்.

உடலின் உள் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது மருத்துவ அவசரம். பேச்சு குழறுவது, குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிதான்.

என்ன வாங்கலாம்?

முன்பக்கம் திறக்குற ஸ்வெட்டர் நல்லது. பட்டன் பெருசா இருக்கணும். ஜிப் என்றால் அதில் ஒரு ரிப்பன் கட்டிவிடுங்க, விரல் வலி இருக்கிறவங்களுக்கு இழுக்க சுலபம்.

ஒரே தடி ஸ்வெட்டரைவிட இரண்டு மெல்லிய அடுக்கு மேல். நடுவில் சிக்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. உள்ளே பருத்தி, மேலே கம்பளி. வெயில் ஏறினதும் ஒண்ணைக் கழட்டிடலாம்.

பாட்டி புடவை கட்டுவாங்கன்னா, இடுப்பு மறையும் நீளத்தில், முந்தானை உள்ளே அடங்குற மாதிரி ஒரு சைஸ் பெருசா எடுங்க. தாத்தா வேட்டி என்றால் கால் முழுக்கக் காத்து. உள்ளே தெர்மல் பேன்ட் போடலாம்.

சாக்ஸ் அடியில் ரப்பர் புள்ளிகள் இருக்கட்டும், வெறும் சாக்ஸ் டைல்ஸில் வழுக்கும். சர்க்கரை உள்ளவங்களுக்கு எலாஸ்டிக் இறுக்கமா இருக்கக் கூடாது. கால் மரத்திருந்தால் வெந்நீர்ப் பை வைக்காதீங்க, சுட்டாலும் தெரியாது.

சால்வை நாற்காலியில் உட்கார நல்லது, அடுப்படிக்கு ஆபத்து. தொங்குற நுனியில் எளிதா தீப்பிடிக்கும்.

கிரிவலம் போறவங்களா? 14 கிலோமீட்டர் நடையில் வியர்க்கும், நின்றதும் அந்த ஈரமே குளிரும். பையில் மாத்து பனியன் ஒண்ணு இருக்கட்டும்.

கடைசியா ஒண்ணு

பெரியவங்களுக்கு நாம கொடுக்கிற துணி பெரும்பாலும் பொன்னாடை மாதிரி. மரியாதையா போர்த்துறோம், அது பீரோவுக்குப் போயிடுது. அடுத்த தடவை ஆர்டர் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி, "கை எவ்வளவு தூரம் தூக்க முடியுது பாட்டி?"ன்னு கேளுங்க. முடிஞ்சா கடைக்கே கூட்டிட்டுப் போய், போட்டுப் பார்த்து வாங்குங்க.

இந்த வருஷம் நான் அதைத்தான் செஞ்சேன். பெரிய பட்டன் வச்ச, சாதாரண ஸ்வெட்டர். விலையும் போன வருஷத்ததைவிடக் கம்மி. இப்போ தினமும் அதைப் போட்டுட்டுத்தான் பாட்டி கோலம் போட வாசலுக்கு வராங்க.