சுட்டவன் எவ்வினத்தவன்?

கல்விக்கூடமொன்றினுட் கொலை நிகழ்ந்த செய்தி பரவியதும் பலரிடத்தும் முதலில் எழும் வினா, இறந்தவர் எத்தனை பேர் என்பதன்று. சுட்டவன் எவ்வினத்தவன் என்பதே. நாளிதழ்கள் இதனைக் கேட்கின்றன. தேநீர்க் கடைகள் கேட்கின்றன. ஆராய்ந்து முடிபு காணப் பயிற்றுவதாகக் கூறும் பல்கலைக்கழக முற்றங்களும் இதனையே கேட்கின்றன. விடை கிடைத்ததும் கேட்டவர் அமைதி அடைகின்றார். இனம் தெரிந்துவிட்டது, ஆகவே காரணமும் தெரிந்துவிட்டது என்பது அவர் முடிபு. இம்முடிபு பிழையானது என்று கூறி அமைதல் போதாது. இது காரணத்தை மறைப்பது. மறைத்தலோடு நில்லாது, அடுத்த கொலைக்கு ஆள் தேடிக் கொடுப்பது. கண்டி மாநகரையும் அதன் அயலாகிய குண்டசாலையையும் அறிந்தோர்க்கு இவ்வுண்மை புத்தகத்திற் படித்து அறிய வேண்டியதொன்றன்று.

முதலில், உலகம் நன்கறிந்த நிகழ்ச்சியொன்றை நோக்குவோர் இதனைத் தெளிவுறக் காண்பர். 2007ஆம் ஆண்டு ஏப்பிரல் 16ஆம் நாள், அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்துப் பிளக்ஸ்பேர்க் நகரில், வேர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். காலை ஏழேகால் மணியளவில் மாணவர் விடுதியொன்றில் இருவர் வீழ்ந்தனர்; இரண்டு மணி நேரத்திற்கு மேற்பட்ட இடைவெளியின் பின் நொறிஸ் மண்டபத்து வகுப்பறைகளில் 30 பேர் வீழ்ந்தனர். சுட்டவனும் தன்னையே சுட்டு மாண்டான். அம்மண்டபத்தில் நீரியல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த பேராசிரியர் ஜி. வி. லோகநாதன் தம் மாணவர் பலரோடு உயிரிழந்தார். ஈரோடு மாவட்டத்துக் கோபிசெட்டிபாளையத்தை அடுத்த சிற்றூரிற் பிறந்து, கான்பூரிலும் பின்னர் அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்திலும் பயின்று, கால் நூற்றாண்டாக அங்கே நீர்வளப் பொறியியல் கற்பித்த தமிழர் அவர்.

கொன்றவன் பெயர் சோ சியூங்-ஹூயி, ஆங்கில இலக்கியத்துறை இறுதியாண்டு மாணவன், வயது 23. தென் கொரியாவிற் பிறந்தவன். ஆகவே, 'தமிழ்ப் பேராசிரியரைக் கொரியன் ஒருவன் கொன்றான்' என்று ஒரே வாக்கியத்திற் சுருக்கிவிடுதல் எளிது. அவ்வாக்கியத்தில் ஒரு சொல்லேனும் பொய்யன்று. ஆயினும் அதனை ஒரு விளக்கமாகக் கொள்ளுமிடத்து அது முழுப்பொய்யாகிறது. அன்று இறந்தோருள் கொரியத் தாய்க்குக் கொரிய மண்ணிலே பிறந்த மாணவி ஒருத்தியும் இருந்தாள். எகிப்தியர் இருந்தார், இந்தோனேசியர் இருந்தார், பெரு நாட்டவர் இருந்தார். நாசிகளின் கொடுமைக்குத் தப்பி உயிர் பிழைத்து, 76ஆம் அகவையில் வகுப்பறைக் கதவைத் தம் உடலாற் காத்து, மாணவர் சன்னல் வழியே தப்பிச் செல்ல இடங்கொடுத்து மாண்ட பேராசிரியர் லிவியு லிப்ரெஸ்குவும் அங்கேதான் இருந்தார். இனத்தைக் கொண்டு இந்நாளை விளக்கப் புகுவோர் இவர்களை எந்தக் கணக்கில் வைப்பர்?

பின்னணியே கேட்கலாகாதோ எனின், கேட்க வேண்டும்; கேட்டே தீரவேண்டும். ஆனால் பின்னணி என்பது குலமும் கோத்திரமும் அன்று. கொலை நிகழ்வதற்கு முன் என்னென்ன நிகழ்ந்தன, யார் யார் அறிந்திருந்தனர், எக்கதவுகள் அடைபடவேண்டிய நேரத்தில் திறந்து கிடந்தன என்பதே பின்னணி. அம்மாநில ஆளுநர் நியமித்த ஆய்வுக்குழு 2007 ஓகஸ்டில் வெளியிட்ட அறிக்கை இத்தகைய பின்னணியையே தேடிற்று. அது காட்டும் வரலாறு வருமாறு.

எட்டு வயதில், 1992இல், பெற்றோருடன் அமெரிக்கா சென்ற அச்சிறுவன் பேசாப் பிள்ளையாக வளர்ந்தான். பாடசாலைக் காலத்தில், 1999இல் கொலம்பைன் பாடசாலைக் கொலைகள் நிகழ்ந்த பின்னர், அவை போன்றதொன்றைத் தானும் செய்ய விரும்புவதாக எழுதினான். பாடசாலை அதனைக் கண்டது, பெற்றோருக்கு அறிவித்தது, மருத்துவரிடம் அனுப்பிற்று. மனச்சோர்வும், குறித்த சூழல்களிற் பேச இயலாத உளக்குறையும் அவனுக்கு உண்டெனக் கண்டு சிகிச்சை அளித்தனர். வகுப்பிற் பேசுமாறு வற்புறுத்தாது தனி ஏற்பாடுகள் செய்தனர். அவன் பாடசாலைக் கல்வியை முடித்தான், எவருக்கும் தீங்கிழைத்திலன். பல்கலைக்கழகத்திற் காலடி வைத்த நாளில் அந்த ஏற்பாடுகள் யாவும் நின்றுபோயின. அவனைப்பற்றிப் பாடசாலை அறிந்திருந்தவற்றுள் ஒன்றேனும் பல்கலைக்கழகத்தை எட்டவில்லை.

2005இல் கவிதை வகுப்பை நடத்திய கவிஞர் நிக்கி ஜியோவானி அவனைத் தம் வகுப்பினின்றும் நீக்குமாறு கோரினார். துறைத்தலைவர் லூசிண்டா றோய் அவனுக்குத் தனியே பாடம் சொல்லிக் கொடுத்ததோடு, உதவி தேடுமாறு அவனையும், கவனிக்குமாறு பல்கலைக்கழக அலுவலகங்களையும் வேண்டினார். மாணவியர் சிலர் அவனால் தொல்லை என முறையிட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் நீதி அலுவலர் ஒருவர், அவன் தனக்கே ஆபத்து விளைக்கக் கூடியவன் எனக் கண்டு, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறுமாறு கட்டளையிட்டார். அக்கட்டளை நிறைவேறிற்றா என எவரும் பின்தொடர்ந்து பார்த்திலர். ஆசிரியர் ஒரு துண்டை அறிந்திருந்தார். பொலிசார் ஒரு துண்டை அறிந்திருந்தனர். விடுதிப் பொறுப்பாளர் ஒரு துண்டை அறிந்திருந்தார். ஆலோசனை நிலையம் ஒரு துண்டை அறிந்திருந்தது. மாணவரின் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம் பேசத் தடை செய்கிறது என்று கருதி, சட்டம் அனுமதித்த அளவுக்கேனும் அவர்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை.

இனித் துப்பாக்கி. இத்தகைய கட்டளைக்கு உட்பட்டவன் துப்பாக்கி வாங்கலாகாது என்பது அந்நாட்டு நடுவண் சட்டம். எனினும் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுமாறு பணிக்கப்பட்டோரின் பெயர்களையே வேர்ஜீனியா மாநிலம் பதிவேட்டுக்கு அனுப்பி வந்தது. ஆகவே 2007ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் அவன் இரண்டு கைத்துப்பாக்கிகளை முறைப்படி, சோதனையிலே தேறி, விலை கொடுத்து வாங்கினான். இத்தொடரில் எந்தக் கண்ணி கொரியாவில் வார்க்கப்பட்டது? பின்தொடரப்படாத கட்டளை கொரியருடையதா? பெயர் விடுபட்ட பதிவேடு கொரியருடையதா? இனத்தைச் சொல்லி அமைதி அடைந்தவர் இவற்றுள் ஒன்றையேனும் திருத்தியிரார். அவ்வாறு அமையாது பதிவேட்டைக் கேள்விக்கு உட்படுத்தியோர் இருந்தமையாலேயே மாநில நடைமுறை மாறிற்று; 2008 ஜனவரியில் நடுவண் அரசும் பதிவு முறையை வலுப்படுத்தும் சட்டமியற்றிற்று.

இதற்கு எதிராக இரண்டு தடைகள் கூறப்படுவதுண்டு. உளப்பிணியே காரணம், ஆகவே வேறு ஆராய்ச்சி வேண்டா என்பர் ஒரு சாரார். இது இனவாதத்தின் இடத்தில் நோயை வைப்பதேயன்றிப் பிறிதன்று. உளப்பிணி உற்றோருள் மிகப் பெரும்பாலோர் எவரையும் தாக்குவதில்லை. இம்மாணவனே நோயோடு பாடசாலையிற் படித்த காலத்தில் எவரையும் கொன்றிலன். அன்று அவனைச் சூழ ஆதரவு இருந்தது. மாறியது நோயன்று, ஆதரவே. விளக்கம் கூறுதல் கொலைஞனுக்கு மன்னிப்புக் கோருதல் ஆகாதோ என்பர் மற்றொரு சாரார். ஆகாது. பிளக்ஸ்பேர்க்கில் இறந்தோர்க்கென 32 கற்கள் நிலைபெற்றுள்ளன. மாணவி ஒருத்தி கொன்றவனுக்கென 33ஆவது கல் ஒன்றை வைத்தபோது பெரும் விவாதம் எழுந்தது. நினைவுக்கல் யாருக்கு என்பது அன்பும் நீதியும் சார்ந்த வினா. கொலை எவ்வாறு நேர்ந்தது என்பது அறிவு சார்ந்த வினா. முன்னதற்குக் கூறும் விடை எதுவாயினும் பின்னதனை அது தடுக்காது.

அக்காலத்தில் அமெரிக்காவிலிருந்த தென் கொரியத் தூதர், கொரிய மக்கள் 32 நாள் நோன்பு நோற்று வருந்தவேண்டும் என்ற கருத்தை வெளியிட்டார். துயரத்திற் பங்கு கொள்ளும் அப்பண்பு போற்றத்தக்கதே. ஆயினும் ஒருவன் செய்த கொலைக்கு ஒரு மக்கட்கூட்டம் கழுவாய் தேடுதல் முறை என ஏற்றுக்கொண்டால், அதே கொலைக்கு அம்மக்கட்கூட்டத்தைத் தண்டித்தலும் முறை என்றாகிவிடும். கொரியர் வாழ்ந்த ஊர்களில் அத்தண்டனை நிகழவில்லை. குண்டசாலையில் நிகழ்ந்தது.

2018 பெப்ரவரியில் தெல்தெனியாவில், வீதியில் ஏற்பட்ட சச்சரவைத் தொடர்ந்து, முஸ்லிம் இளைஞர் நால்வர் சிங்கள லொறிச் சாரதி ஒருவரைத் தாக்கினர். மார்ச் 3ஆம் நாள் அவர் மருத்துவமனையில் இறந்தார். தாக்கியோர் எனக் கூறப்பட்டோர் முன்னரே கைதாகியிருந்தனர். நீதிமன்றம் தன் கடமையைச் செய்தற்குத் தடை எதுவும் இருக்கவில்லை. எனினும் 'எவ்வினத்தவர்' என்ற வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. மார்ச் 5ஆம் நாள் குண்டசாலைப் பிரதேசத்துத் திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தீக்கிரையாயின. எரிந்த வீட்டினுள் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். லொறிச் சாரதியின் சாவோடு அவருக்குத் தொடர்பு எதுவுமில்லை. மறுநாள் நாடெங்கும் அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. முகநூல் வழியே பரவியது ஆராய்ச்சியன்று. அதே ஒற்றை வினாவும் அதே ஒற்றை விடையுமே.

இவ்வழக்கு இம்மண்ணிற்குப் புதிதுமன்று. குண்டசாலையில் அரண்மனை அமைத்து வாழ்ந்த நரேந்திரசிங்க மன்னன் (1707 - 1739) மதுரை நாயக்கர் குலத்திற் பெண் கொண்டான். அவனுக்குப்பின் அரசியின் சகோதரனே கண்டி அரியணை ஏறினான். நாயக்கர் நால்வர் அடுத்தடுத்து ஆண்டனர். 1815 மார்ச் 2ஆம் நாள் ஒப்பந்தத்தில், இறுதி மன்னனின் கொடுமைகள் எடுத்துரைக்கப்பட்டதோடு, அவன் குலத்தின் உரிமை முழுவதும் ஒழிக்கப்பட்டது. அவனுடைய ஆண் உறவினர் யாவரும் பகைவரெனத் தள்ளப்பட்டனர். ஒருவனின் குற்றத்தைப் பிறப்பின்மீது ஏற்றி எழுதிய ஆவணம் கண்டியில் அன்றே கையொப்பமாயிற்று.

தமிழர் இதனை வேறெவரினும் நன்கறிவர். 1983 மே மாதத்தில் பேராதனையிற் பயின்ற தமிழ் மாணவர் தாக்கப்பட்டு வெளியேற்றப்பட்டனர். அவ்வாண்டு ஜூலை 23ஆம் நாள் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டதற்கு நாடெங்குமிருந்த தமிழர் உயிரும் உடைமையும் விலையாகக் கொள்ளப்பட்டன. அவ்வாறிருந்தும் 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றிய வேளை, அதே தர்க்கம் தமிழின் பெயரால் எழுந்து நின்றது. தன்மீது பாய்ந்த வாளை அநீதி என்றவர், அவ்வாள் தம் கைக்கு வந்தபோது நீதி என்பாராயின், அவர் எதிர்த்தது வாளையன்று. அதன் பிடி எவர் கையில் இருந்தது என்பதையே.

இனவினாவின் இன்னொரு தீமை, அது கேட்க வேண்டிய இடத்தில் வாய் மூடிக்கொள்வது. 1976 நவம்பர் 12ஆம் நாள், அந்நாளில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பேராதனை வளாகம் என வழங்கிய இடத்தில், பொலிசார் சுட்டதில் மாணவர் வீரசூரிய இறந்தார். 1984இல் பேராதனை மருத்துவ மாணவர் பத்மசிறி அபயசேகர பொலிசாரின் சூட்டுக்கு இரையானார். 1989 மார்ச்சில் கொழும்புப் பல்கலைக்கழக உபவேந்தர் ஸ்ரான்லி விஜேசுந்தர தம் அலுவலகத்திற் சுடப்பட்டார். அவ்வாண்டு ஒக்டோபரில் பேராதனையில் உதவிப் பதிவாளர் ஒருவர் கொல்லப்பட, அதற்குப் பழியாக அல்விஸ் குளத்தைச் சுற்றி வெட்டுண்ட தலைகள் வைக்கப்பட்டன. அதற்குச் சில நாட்களின் முன், செப்ரெம்பர் 21ஆம் நாள், யாழ்ப்பாண மருத்துவபீட உடற்கூற்றியல் துறைத்தலைவர் ரஜனி திராணகம திருநெல்வேலியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டோர் விடுதலைப் புலிகளே என அவருடன் பணியாற்றிய மனித உரிமைக்கான பல்கலைக்கழக ஆசிரியர் எழுதினர். எவரும் நீதிமன்றில் தண்டனை பெறவில்லை.

இக்கொலைகளுள் இறந்தவரையும் கொன்றவரையும் இனங்கொண்டு பிரித்து விளக்க இயலாது. அதனாலேயே இனவினாவில் பழகிய நாவுகள் இங்கே அடங்கிப் போகின்றன. சூட்டுக்கு ஆணை தந்தவர் யார், வளாகத்திற்குட் படைக்கலம் புக வழிவிட்டது யார், மாற்றுக் கருத்துக்குச் சாவே விலை என இளைஞருக்குக் கற்பித்தது எது என்ற வினாக்கள் ஆண்டு நினைவு நாளுக்கு உரியவையாய் ஒடுங்கின. கொன்றவன் பிறனாயின் இனம் கேட்பது; தன்னவனாயின் எதனையும் கேளாதிருப்பது. இவ்விரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள்.

இலங்கை மாணவர் கையிற் கைத்துப்பாக்கி எளிதிற் கிட்டாது. ஆகவே வேர்ஜீனியா இங்கே பாடமாகாது என எவரேனும் கூறலாம். ஆனால் துண்டு துண்டாக அறிந்தும் எவரும் பேசாதிருக்கும் நிலை இங்கும் உண்டு. 1997இல் பேராதனைப் பொறியியற்பீடத்து மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக இறந்தார். அதன் பின்னரே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. விடுதியில் நிகழ்வதை அறைத்தோழர் அறிவர். வகுப்பில் ஒருவன் ஒடுங்குவதை ஆசிரியர் காண்பர். இருவரும் தத்தம் வழியே செல்வர். விரிவுரையாளர் ஒவ்வொருவரும் தம் வகுப்பில் வாய் திறவாத மாணவனின் பெயரையேனும் அறிந்திருத்தல், மாணவர் ஆலோசகர் பதவியைப் பெயரளவிற் கொள்ளாதிருத்தல், அறிந்தவற்றை உரியவரிடம் உரிய காலத்திற் கூறும் ஒழுங்கை ஒவ்வொரு பீடமும் எழுத்தில் வகுத்தல் ஆகியன பெருஞ்செலவு வேண்டுபவை அல்ல. இனம் கேட்பதினும் இவை கடினமானவை. அதனாலேயே பலர் இனத்தைக் கேட்டு அமைகின்றனர்.

பல்கலைக்கழகம் என்பது காரணம் தேடக் கற்பிக்கும் இடம். ஓர் உயிர் பறிபோன வேளையில் அது காரணத்தை விட்டுக் குலத்தைத் தேடுமாயின், அங்கே கற்பிக்கப்படும் மற்றெல்லாம் எதற்கு?