யாரை யார் கேட்கிறார்?

ஒலுவில் பல்கலைக்கழகத்து விரிவுரை மண்டபமாயினும் சரி, கல்முனைப் பள்ளியொன்றின் ஐந்தாம் வகுப்பாயினும் சரி, தம் மாணாக்கர் அனைவரையும் அறிவோம் என்றே ஆசிரியர் எண்ணுகிறார். அவர் நன்கறிந்தது கையுயர்த்தும் சிலரையும் குழப்பம் விளைக்கும் சிலரையுமே. எவருடைய கொப்பி எவர் கைக்குப் போகிறது, எவரிடம் எவருமே ஐயம் கேட்பதில்லை என்பன கரும்பலகைப் பக்கம் நிற்பவருக்குப் புலப்படுவதில்லை.

இதனைப் படமாக வரைந்து காட்டியவர் ஜேக்கப் மொரினோ என்னும் உளநல வைத்தியர். 1932-ஆம் ஆண்டில், நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகரில், பெண்பிள்ளைகளுக்கான சீர்திருத்தப் பள்ளியிலிருந்து இரண்டே வாரங்களில் 14 சிறுமியர் ஓடிப்போயினர். எவருடன் ஒரே இல்லத்தில் வாழ விருப்பம் என்று மொரினோ சிறுமியரைக் கேட்டார். பெயர்களை வட்டங்களாக்கி, விருப்பங்களைக் கோடுகளாக்கினார். ஓடிப்போனதற்குக் காரணம் அவரவர் குணத்தைக் காட்டிலும் அவரவர் அப்பின்னலில் நின்ற இடமே என்பது அவர் கண்ட முடிவு. பல கோடுகள் வந்து சேரும் பிள்ளையை விண்மீன் என்றார். கோடற்ற பிள்ளையைத் தனித்தவர் என்றார்.

இனி ஒலுவிலுக்கு வருவோம். 1995-இல் கல்லூரியாகத் தோன்றி, 1996-இல் முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பேசுவோரும் சிங்களம் பேசுவோரும் பயில்கின்றனர். இருமொழியினரும் கலந்த வகுப்பொன்றை வரைந்தால் இரண்டு திரள்கள் தோன்றுவது வியப்பன்று. நாம் நோக்க வேண்டியது இடையே ஓடும் ஒன்றிரண்டு கோடுகளை. இருமொழியும் அறிந்த மாணவி ஒருத்தி அங்கே நிற்கக்கூடும். பரீட்சையில் அவள் நடுத்தரம். விரிவுரையாளருக்கு அவள் பெயர்கூட நினைவிராது. அவள் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால், ஒரு திரளின் குறிப்புகள் மறு திரளுக்குப் போவது நின்றுவிடும். நெருங்கிய நண்பரைவிட இத்தகைய மெல்லிய தொடர்புகளே புதுச் செய்தியைக் கொணர்கின்றன என்று 1973-இல் மார்க் கிரானோவெட்டர் எழுதியதும் இது பற்றியே.

2020-இல் பெருந்தொற்றினால் கல்விக்கூடங்கள் மூடப்பட்டபோது பாடங்கள் பல இணையவழி நடைபெற்றன. அங்கே எவர் எவருக்கு மறுமொழி எழுதினார் என்பது தானே பதிவாகும். கணினி நொடியில் படம் வரைந்துவிடும். ஆனால் விடுதி அறையிலும் தேநீர்க் கடையிலும் நிகழும் பேச்சு அதில் ஏறாது. கோடற்றவன் என்று நாம் இரங்கும் பிள்ளை, நண்பனின் கைப்பேசியில் அருகமர்ந்து பாடம் கேட்டவனாயிருக்கலாம்! ஆகவே படத்தை நம்பித் தீர்ப்பெழுத வேண்டாம்; பிள்ளையை அழைத்துப் பேசுக.

பள்ளி ஆசிரியருக்குக் கணினியும் வேண்டியதில்லை. ஒரு துண்டுக் கடதாசி போதும். "கணக்கில் ஐயம் வந்தால் வகுப்பில் யாரைக் கேட்பாய்? மூவர் பெயர் எழுது." அவ்வளவே. யாரைப் பிடிக்காது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அக்கேள்வியே பகையை மூட்டும். விடைகளை எவருக்கும் காட்டலாகாது. சுவரில் ஒட்டுவது பெருங்கொடுமை. தனித்த பிள்ளை தானே எழுதிய மூவரில் ஒருவர் பக்கத்தில் அவனுக்கு இடம் கொடுங்கள். தவணை முடிவில் அதே கேள்வியை மீண்டும் கேளுங்கள்.