கிள்ளான் மன்றத்தில் ஓர் இருக்கை

நம் மலேசிய அடையாள அட்டை எண்ணில் பன்னிரண்டு இலக்கங்கள் உள்ளன. முதல் ஆறும் பிறந்த நாளைச் சொல்லும். அடுத்த இரண்டும் பிறந்த இடத்தைச் சொல்லும். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் அட்டைக்குரியவர் ஆண், இரட்டைப்படையானால் பெண். வங்கியிலும் மருத்துவமனையிலும், வாடகைக்கு வீடு கேட்டுப் போகும் இடத்திலும், வேலை நேர்காணலிலும் திருநங்கையருக்கு முன்பே இந்த ஓர் இலக்கம் போய் நின்றுவிடுகிறது. பெண்ணாகவே பல்லாண்டு வாழ்ந்து, அறுவை சிகிச்சையும் செய்துகொண்ட ஒருவரை, அட்டையைப் பார்த்த எழுத்தர் ஆண் பெயர் சொல்லி உரக்க அழைக்கிறார். காத்திருப்போர் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் வாழும் தமிழ்த் திருநங்கையர்க்கு இது நேராத நாளில்லை.

இந்த இலக்கத்தை மாற்றித் தரும்படி நீதிமன்றப் படியேறியோர் உண்டு. 2005ஆம் ஆண்டில் கோலாலம்பூர் உயர் நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் ஃபூங், மருத்துவர்களின் சான்றை ஏற்று, மனுதாரரைப் பெண்ணாகப் பதிவு செய்ய ஆணையிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் ஈப்போ உயர் நீதிமன்றம் அதே போன்ற வேண்டுகோளைத் தள்ளியது. சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் கடமை என்றது. 2011இல் திரங்கானுவில் ஒருவரின் மனு தள்ளுபடியானது. சில நாளிலேயே, இருபத்தைந்து வயதில், அவர் நோயுற்று மாண்டார். 2016இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்ற நீதிபதி நந்த பாலன் திருநம்பி ஒருவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அரசியலமைப்பின் ஐந்தாம் பிரிவு காக்கும் உயிர் வாழும் உரிமையில் மாண்போடு வாழும் உரிமையும் அடங்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம். மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது.

நெகிரி செம்பிலானில் எழுந்த வழக்கு ஒன்றின் கதையும் இதுவே. பெண்ணுடை அணியும் முஸ்லிம் ஆணுக்குத் தண்டனை விதிக்கும் அம்மாநில ஷரியா சட்டத்தின் 66ஆம் பிரிவு செல்லாது என்று 2014 நவம்பர் 7ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்த்தது. நீதிபதி முகமட் ஹிஷாமுடின் எழுதிய அத்தீர்ப்பு இந்நாட்டுச் சட்ட வரலாற்றில் மனிதநேயம் மிக்க தீர்ப்புகளுள் ஒன்று என்பது எம் கருத்து. ஓராண்டுக்குள், 2015 அக்டோபரில், கூட்டரசு நீதிமன்றம் அதனை நீக்கியது. வழக்கைத் தொடுத்த முறை பிழை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தச் சட்டம் நியாயமானதா என்ற கேள்விக்கு விடை வரவேயில்லை. நம் இந்துத் திருநங்கையரை ஷரியா சட்டம் தொடாது என்று ஆறுதல் கொள்வோர் 1955ஆம் ஆண்டின் சிறுகுற்றச் சட்டத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் 21ஆம் பிரிவு சொல்லும் அநாகரிக நடத்தை என்ற குற்றச்சாட்டு அவர்கள்மீதும் பாய்ந்திருக்கிறது.

2017 பிப்ரவரியில் குவாந்தானில் தமிழ்த் திருநங்கை ஒருவர் கொல்லப்பட்டார். முன்னர் தம்மைக் கடத்தியோர்மீது நடந்துவந்த வழக்கில் அவர் சாட்சி சொல்லவிருந்தார். நீதி கேட்டு வந்தவரை நீதிமன்றக் கூண்டு வரை உயிரோடு கொண்டுசேர்க்க இந்நாட்டால் இயலவில்லை. வழக்குகளை மட்டுமே நம்பியிருக்கச் சொல்வது இனியும் அறமாகாது.

சட்டம் இயற்றும் இடத்திலும் அதை நடைமுறைப்படுத்தும் இடத்திலும் திருநங்கையர் அமர வேண்டும். நாடாளுமன்றம் தொலைவில் இருக்கிறது. அருகில் இருப்பது நகராண்மைக் கழகம். சாலையோரக் கடைக்கும் அழகு நிலையத்துக்கும் உரிமம் தருவது அது. பொதுக் கழிப்பறையையும் சமூக மண்டபத்தையும் தெருவிளக்கையும் பார்த்துக்கொள்வதும் அதுவே. கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவில் பூமாலை கட்டி விற்கும் ஒரு திருநங்கைக்கு, கூட்டரசு நீதிமன்றத்தைவிட அமலாக்க அதிகாரியின் லாரிதான் நாள்தோறும் எதிர்ப்படும் அரசு.

அந்த மன்றங்களுக்குத் தேர்தல் நடந்த காலம் ஒன்று இருந்தது. கோலாலம்பூர் மக்கள் 1952இலேயே தம் நகர மன்றத்துக்கு வாக்களித்தார்கள். இந்தோனேசியாவுடன் மோதல் நிலவிய 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஊராட்சியை ஆராய அவ்வாண்டே அமைந்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். ஊர் தோறும் விசாரித்து, தேர்தலை மீண்டும் நடத்த வேண்டும் என்று 1968இல் அவ்வாணையம் பரிந்துரைத்தது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டமோ தேர்தலையே ஒழித்துவிட்டது. அந்த அறிக்கையைத் தூசு தட்டி எடுத்து நிறைவேற்றும் கடமை ஆட்சியாளர்க்கு இன்றும் இருக்கிறது. அதை விடாமல் வற்புறுத்தும் கடமை தமிழர்க்குக் கூடுதலாகவே உண்டு.

தேர்தல் வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. அதே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் பத்தாம் பிரிவு, மன்ற உறுப்பினரை நியமிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருகிறது. ஊராட்சி அனுபவம் உடையோர், தொழிலிலும் வணிகத்திலும் சிறந்தோர் ஆகியோருடன், தம் சமூகத்தின் நலனை எடுத்துரைக்க வல்லோரையும் நியமிக்கலாம் என்று அப்பிரிவே சொல்கிறது. திருநங்கையர் ஒரு சமூகம் இல்லையா? அவர்கள் நலனை அவர்களைவிட நன்றாக எடுத்துரைக்க வல்லார் யார்? கிள்ளான் 2024 பிப்ரவரியில் அரச மாநகரமாக உயர்ந்தது. அந்த மன்றத்தின் இருபத்து நான்கு இருக்கைகளில் ஒன்றைத் திருநங்கை ஒருவருக்குத் தர எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம். மந்திரி புசாரின் மனம் இசைந்தால் போதும்.

தமிழகத்தில் திருநங்கையர் மன்ற இருக்கையில் அமர்ந்திருக்கிறார்கள். 2008இல் அங்கே திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. 2014 ஏப்ரல் 15இல் இந்திய உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. அதன்பின் 2020 சனவரியில் திருச்செங்கோடு ஊராட்சி ஒன்றியத்தில் திருநங்கை ரியா வென்றார். 2022இல் வேலூர் மாநகராட்சியில் திருநங்கை கங்கா வென்றார். நீதிமன்றத்தின் துணையின்றி வாக்குப் பெட்டி மட்டும் என்ன செய்யும் என்பதையும் இந்தியாவே காட்டியது. மத்தியப் பிரதேசத்தின் கட்னி நகர மக்கள் திருநங்கை கமலா ஜானை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். அது பெண்களுக்கு ஒதுக்கிய பதவி, அவரோ ஆண் என்று வழக்கு வந்தது. 2003இல் உயர் நீதிமன்றமும் கைவிட, அவர் பதவி பறிபோனது. அடையாள அட்டைக்கான போராட்டமும் இருக்கைக்கான போராட்டமும் ஒன்றேயென்பதற்கு அவரே சான்று.

நம் நாட்டிலும் ஆளில்லாமல் இல்லை. பினாங்கின் தஞ்சோங் பூங்கா சட்டமன்ற உறுப்பினராக இருந்த தே யீ செவ் தம் அரசியல் செயலாளராகத் திருநங்கை ஒருவரை அமர்த்தினார். கோலாலம்பூரில் சீட் அறவாரியத்தை நிறுவியோருள் ஒருவரான திருநங்கை நிஷா ஆயுப்புக்கு 2016இல் அமெரிக்க அரசு வீரப் பெண்மணி விருது வழங்கியது. இரண்டாண்டு கழித்து, பினாங்குக் கண்காட்சி ஒன்றிலிருந்து அவருடைய படத்தை அகற்றியது நம் அரசு. வெளிநாடு பாராட்டிய குடிமகளின் நிழற்படத்தைக் கூடத் தாங்க இயலாத ஆட்சியை எண்ணி நாம் வெட்கப்பட வேண்டும்.

நம் சமூகத்தின் முகத்தையும் சற்றுப் பார்ப்போம். கோயில் திருவிழாவில் திருநங்கையின் ஆசி வேண்டி நெற்றியை நீட்டுகிறோம். அவரே கோயில் நிருவாகக் குழுவுக்குப் போட்டியிட்டால் எத்தனை கை உயரும்? தேர்தல் பரப்புரையில் அவர்களை மேடையேற்றி ஆட வைத்த கட்சிகள் எத்தனை பேருக்குக் கிளைப் பொறுப்புத் தந்தன? மஇகாவையும் ஜசெகவையும் கெஅடிலானையும் வேறுபாடின்றி யாம் கேட்கிறோம்.

உள்துறை அமைச்சர் தேசியப் பதிவு விதிமுறைகளைத் திருத்தி, மருத்துவச் சான்று உடையோர்க்கு அட்டையை மாற்றித் தர வேண்டும். 1959ஆம் ஆண்டின் தேசியப் பதிவுச் சட்டம் விதிமுறை வகுக்கும் அதிகாரத்தை அமைச்சரிடமே தந்திருக்கிறது. சிலாங்கூர் மன்ற உறுப்பினர் பட்டியலை அடுத்த முறை ஷா ஆலமுக்கு அனுப்பும் தமிழ்த் தலைவர்களே, அதில் கிள்ளான் திருநங்கை ஒருவரின் பெயரையும் எழுதி அனுப்புங்கள்.